அக்காவின் சர்க்கரை நோட்டு

எங்கள் அக்காவுக்குச் சர்க்கரை என்று கேட்டதும் நான் சிரித்துவிட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேறு யாராவது வந்து உங்களிடம் போட்டுக்கொடுப்பதைவிட நானே சொல்வது மேல். போனில் மாமாதான் சொன்னார். அக்காவின் வீட்டுக்காரர். அழுகிற குரலில் அவர் சொல்லச் சொல்ல, நான் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினேன்.

ஏன் சிரித்தேன் என்றால், அக்காவைத் தெரிந்திருந்தால் நீங்களும் சிரித்திருப்பீர்கள். நாங்கள் இருவரும் ஒரே பிஸ்கட் ஃபேக்டரியில் வேலை செய்தோம். நான் பேக்கிங் ஹாலில், பதினெட்டு வருஷமாக. அவள் ருசி அறையில், இருபத்திரண்டு வருஷமாக. ருசி அறை என்பது அடுப்பு ஹாலுக்கும் எங்கள் ஹாலுக்கும் நடுவில் உள்ள ஒரு கண்ணாடி ரூம். இரண்டு நாற்காலி, ஒரு வாஷ்பேசின், வெந்நீர் ஃபிளாஸ்க், மார்க் போடும் தாள். மணிக்கொரு தரம் ஐந்து லைனிலிருந்தும் தட்டு வரும். கடித்துப் பார்த்து நிறம், மொறுமொறுப்பு, வாசம், ருசி, கடைசியில் நாக்கில் நிற்கும் ருசி என்று ஐந்துக்கும் மார்க் போட வேண்டும். ஆறுக்குக் கீழே போனால் அந்த லைனை நிறுத்திவிடுவார்கள். மேனேஜரே வந்து கெஞ்சினாலும் அக்கா ஒரு மார்க் கூட்டிப் போட்டதில்லை. ஃபேக்டரி முழுக்க அவளுக்கு 'நாக்கு மேடம்' என்று பெயர். ருசி பார்க்கும் திறமைக்கு வைத்த பெயர் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். மற்றவர்களைப் பேசும் பேச்சுக்காக வைத்தது என்று நாங்கள் யாரும் திருத்தவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எங்கள் கம்பெனியின் ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு மூலையில் 'ருசித்துப் பார்த்து அனுப்பியது' என்று அச்சடித்து, கீழே அவளுடைய கையெழுத்து இருக்கும். சுழித்துச் சுழித்துப் போட்ட கையெழுத்து. கடைக்குப் போனால் அலமாரி முன்னால் நின்று, கையெழுத்து வெளியே தெரியும்படி பெட்டியைத் திருப்பி வைத்துவிட்டு வருவாள். யாராவது "தங்கச்சி என்ன வேலை?" என்று கேட்டால் போதும். "அவளா? பெட்டி ஒட்டறா" என்பாள். மூன்றாம் மேஜைக்கு நான் பொறுப்பாளி, என் கீழே பதினொரு பேர். அதெல்லாம் அவள் வாயில் வராது.

அப்படிப்பட்டவளுக்குச் சர்க்கரை! சிரிப்பு வராதா?

வியாதி வந்ததைக் கண்டுபிடித்த கதையும் அவளுக்கு ஏற்ற கதைதான். மாமா கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். மூன்று மாதத்தில் அக்காவுக்கு மூன்று தரம் லென்ஸ் மாற்றினார். போட்ட பத்தாம் நாளே மங்குகிறது என்று வந்து நிற்பாள். "முப்பது வருஷமா கடை நடத்தறீங்க, பெண்டாட்டிக்கு ஒரு கண்ணாடி ஒழுங்காப் போடத் தெரியல" என்று வாடிக்கையாளர் முன்னாலேயே வாங்கு வாங்கென்று வாங்கினாள். மனிதர் அடுத்த லென்ஸைத் தேடப் போனார். கடைக்கு வாரம் ஒரு முறை வரும் கண் டாக்டர்தான், "லென்ஸ்ல தப்பில்லம்மா. போய் முதல்ல ரத்தத்தைப் பாருங்க" என்றார். பார்த்தால், வெறும் வயிற்றில் நூற்று எண்பத்தாறு. மூன்று மாதச் சராசரி ஒன்பது புள்ளி நான்கு.

நான் பார்க்கப் போனபோது கட்டிலில் உட்கார்ந்து ஜன்னலை முறைத்துக்கொண்டிருந்தாள். வாங்கிப் போன ஆப்பிளை மேஜைமேல் வைத்தேன்.

"என்னடி, சந்தோஷமா?" என்றாள்.

"சீ, என்னக்கா பேச்சு இது."

"ஃபேக்டரில மூச்சு விட்டே, கொன்னுடுவேன்."

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ருசி அறையில் இருப்பவர்கள் வருஷத்துக்கு ஒரு தரம் உடம்பு சரியாக இருக்கிறது என்று டாக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும். சர்க்கரை என்று தெரிந்தால் அன்றோடு நாற்காலி போச்சு. வேலையை விட்டு அனுப்ப மாட்டார்கள். வேறு இடத்துக்கு மாற்றுவார்கள். வேறு இடம் என்றால் எது? எங்கள் பேக்கிங் ஹால்தான். போன தடவைச் சான்றிதழ் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அடுத்ததற்குப் பத்து மாதம் இருந்தது.

"பத்து மாசத்துல இதை இறக்கிக் காட்டறேன். கடைசிவரைக்கும் அந்த நாற்காலில இருந்துதான் எந்திரிப்பேன். உன்கூட நின்னு பெட்டி ஒட்ட மாட்டேன்" என்றாள்.

என் ஆப்பிளை என் கையிலேயே திருப்பிக் கொடுத்திருக்கலாம். அதைவிட மோசமாக இருந்தது.

பிறகு ஆரம்பித்தது அறிவுரைத் திருவிழா. ஃபேக்டரிக்குத்தான் ரகசியம். தெருவுக்கு இல்லை. மாமாவின் வாயில் எதுவும் தங்காது. டாக்டர் ஆறு நிமிஷம் பார்த்தார். மாத்திரை எழுதிக் கொடுத்து, அச்சடித்த தாள் ஒன்றையும் நீட்டினார். ஒரு பக்கம் சாப்பிடலாம், மறு பக்கம் சாப்பிடக் கூடாது. அக்கா கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்துவிட்டு, "இது யாருக்காக எழுதினது?" என்று கேட்டாளாம். "எல்லாருக்கும்தாம்மா" என்றாராம். "எல்லாரும் ஒரே வயித்தோடவா பொறந்திருக்கோம்?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டாள். நல்லவேளை, மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் போட்டுக்கொண்டாள். அதில் அவளுக்கு எந்த வீம்பும் இல்லை.

கீழ் வீட்டுக்காரி தினம் ஒரு பச்சைச் சாற்றோடு படியேறி வந்தாள். அவளுடைய கொழுந்தன் இதைக் குடித்தே மாத்திரையை நிறுத்திவிட்டானாம். "உங்க கொழுந்தன் இப்ப எங்க?" என்று அக்கா கேட்டாள். "ஆஸ்பத்திரில. அது கால் புண்ணுக்கு, வேற விஷயம்" என்றாள் அந்தப் புண்ணியவதி. அக்கா டம்ளரை வாங்கி ஒரு வாய் ருசித்து, பேசினில் துப்பிவிட்டு, "ரெண்டரை மார்க்" என்றாள். மாமா தன் பங்குக்கு ஓட்ஸ் மூட்டை, முள் வைத்த மசாஜ் உருளை, எத்தனை அடி நடந்தோம் என்று சொல்லும் ஒரு மெஷின் எல்லாம் வாங்கிக் குவித்தார். உபயோகமாக வாங்கியது ரத்தம் பார்க்கும் மெஷின் ஒன்றுதான்.

நான் மட்டும் சும்மா இருந்தேனா? அறிவுரை சொல்லவில்லை. வாரா வாரம் போய் வேடிக்கை பார்த்தேன். அது அதைவிடக் கேவலம்தான், தெரியும்.

ருசி அறையில் அவள் செய்த மாற்றம் ஒன்றே ஒன்று. சுவரில் பெரிய எழுத்தில் 'மென்றபின் துப்பவும்' என்று எழுதியிருக்கும். இருபத்திரண்டு வருஷமாக அவள் அதை மதித்ததே இல்லை. துப்பினால் கடைசி ருசி தெரியாதாம். துப்புகிறவன் பாதி மார்க்காரனாம். ஒரு நாளைக்கு நாற்பது கடி. எல்லாம் உள்ளே போயிற்று. இப்போது மற்றவர்களைப் போலப் பேசினுக்குப் போனாள். பக்கத்து நாற்காலியில் இருந்த உதவியாளன், இவள் 'பாதி மார்க்' என்று கூப்பிடும் பைத்தியக்காரன், ஆச்சரியப்பட்டுக் கேட்டதற்கு, "பல்லு வலி" என்றாள்.

துப்பியும் இறங்கவில்லை. காலையில் விரலைக் குத்திப் பார்த்தால் நூற்று எழுபது, நூற்று எழுபத்தைந்து. மாத்திரை போடுகிறாள், டீயில் சர்க்கரை இல்லை, பிஸ்கட் முழுங்குவதில்லை. பின்னே எங்கிருந்து வருகிறது?

அது வந்த வழியைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அதே சமயம் ஃபேக்டரியில் சர்க்கரை சேர்க்காத புது பிஸ்கட் ஒன்றைச் சோதனைக்குச் சுட்டுக்கொண்டிருந்தார்கள். அக்கா அதற்கு ஏழரை மார்க் போட்டிருந்தாள். இனிப்புக்கு வேறு ஏதோ சேர்த்திருந்தார்கள். "நாக்குல ஒரு துளி சர்க்கரை இல்ல, எனக்குத் தெரியாதா" என்று சோதனைப் பொட்டலங்களை வீட்டுக்குக் கொண்டுவந்து, காலை டீக்கு ஆறு, மாலை டீக்கு ஆறு என்று ஒரு மாதம் சாப்பிட்டிருக்கிறாள். என்ன மாவு, எவ்வளவு மாவு என்று தூக்கத்தில் கேட்டாலும் ஒப்பிப்பவள். மாவைப் பற்றி அவள் யோசிக்கவே இல்லை. மாவு இனிக்காதே! தன் நாக்குக்குத் தெரியாதது உடம்புக்கும் தெரியாது என்று நினைத்துக்கொண்டாள். இந்தத் தப்பை ஊரில் வேறு யாரும் செய்திருக்க முடியாது. அவ்வளவு பெரிய தலைக்கனம் வேறு யாரிடமும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் அங்கே இருந்தபோதுதான் குட்டு உடைந்தது. டீ குடித்து இரண்டு மணி நேரம் கழித்து, மாமா விளையாட்டாக, "இப்ப ஒரு தரம் பாரேன்" என்று மெஷினை நீட்டினார். பார்த்தாள். இருநூற்று நாற்பத்தொன்பது.

"மெஷின் கெட்டுப்போச்சு" என்றாள்.

இன்னொரு விரலில் பார்த்தாள். இருநூற்று நாற்பத்தாறு. மூன்றாவது விரலில் பார்த்தாள். பிறகு மாமாவின் விரலைப் பிடித்து இழுத்துக் குத்தினாள். நூற்று எட்டு. மாமா "ஐயோ" என்று கத்தினார். என் விரலையும் கேட்டாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"எனக்கு ஒண்ணுமில்ல, என்னை விடு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். எங்கள் ஹாலில் சூடு அதிகம். அந்த வருஷம் எனக்கு எப்போதும் தாகம்.

திரும்பி வந்தபோது அக்கா அந்தப் பொட்டலத்தைக் கையில் வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் அப்படித் தோற்றுப்போன களையை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆசை தீரப் பார்த்தேன். "நாக்கு மேடம் ஏமாந்துட்டாங்க போலிருக்கே" என்றும் சொல்லிவைத்தேன். அவள் திட்டவில்லை. அலமாரியைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். ஸ்கேல் வைத்துக் கோடு போட ஆரம்பித்தாள்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ருசி அறையில் புது பிஸ்கட்டைச் சோதிக்க ஒரு முறை உண்டு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். வெண்ணெயை மாற்றினால் அடுப்புச் சூட்டை மாற்றக் கூடாது. ஒரே நேரம், ஒரே அளவு, மூன்று தரம். மூன்றும் ஒத்துவந்தால்தான் மார்க். அதையே தன் உடம்புக்குச் செய்தாள். ஒரு கிண்ணம் சோறு. சாப்பிடும் முன் ஒரு தரம், இரண்டு மணி நேரம் கழித்து ஒரு தரம். மூன்று நாள் அதே கிண்ணம், அதே மணி. அடுத்த மூன்று நாள், முதலில் கீரையும் முட்டையும் தின்றுவிட்டு அதே கிண்ணம் சோறு. அடுத்த மூன்று நாள், தின்றபின் மாடிப்படி ஏறி இறங்கிக் கால் மணி நேரம் நடை. டாக்டரின் தாளில் இருந்ததையும் விடவில்லை, இல்லாததையும் விடவில்லை. வீட்டில் நாக்குக்கு வேலையே கொடுக்கவில்லை. எல்லா மார்க்கும் விரல்தான் போட்டது.

மாமா பாவம். ஆசையாக வாங்கி வந்த ஓட்ஸ் கஞ்சி அவளுக்கு இருநூற்று இருபது காட்டியது. "மாட்டுக்குப் போடுங்க" என்று மூட்டையைக் காலால் தள்ளினாள். கீழ் வீட்டுக்காரி தொடவே கூடாது என்று சத்தியம் செய்த உருளைக்கிழங்கு, பயறோடு நான்கு துண்டு தின்றால் நூற்று நாற்பதுக்கு மேல் போகவில்லை. என் ஆப்பிள் ஒன்றும் செய்யவில்லை. அதை மட்டும் என்னிடம் சொன்னாள், சலுகை கொடுப்பதுபோல. சண்டை போட்ட நாளில், எதைத் தின்றாலும் முப்பது கூடியது. அது யாரோடு போட்ட சண்டை என்றும் ஒரு கட்டம் போட்டு எழுதியிருந்தாள். பாதி நாளில் என் பெயர் இருந்தது.

எங்களுக்கெல்லாம் நாக்கு வெளியே தள்ளிவிட்டது. சாப்பாட்டுக்கு நடுவில் மணி பார்ப்பாள். கல்யாண வீட்டில் பந்தியை விட்டு எழுந்து வாசலில் முன்னும் பின்னும் நடப்பாள். "என்ன, பந்தியில ஏதாவது குறையா?" என்று பெண் வீட்டார் பதறி ஓடிவந்தார்கள். "சமையல் ஆறரை. நான் நடக்கறது வேற கணக்கு" என்றாள். எங்களுக்கு மானம் இல்லையா என்ன? நான் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

ஆனால் இறங்கியது. என் வயிற்றெரிச்சலையும் மீறிச் சொல்கிறேன், இறங்கியது. நாலாம் மாதம் சராசரி ஏழு புள்ளி ஒன்று. எட்டாம் மாதம் ஆறரை. டாக்டர் நோட்டை வாங்கிப் பத்து நிமிஷம் புரட்டினாராம். மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். "இதை ஒரு காப்பி எடுத்துக்கட்டுமா? மத்த பேஷன்ட்டுக்குக் காட்டலாம்" என்றாராம்.

"வேண்டாம். இது என் வயிறு. அவங்கவங்க நோட்டை அவங்கவங்க எழுதச் சொல்லுங்க" என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

சான்றிதழுக்கு இன்னும் ஆறு வாரம். நாற்காலி பத்திரம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அப்போதுதான் எங்கள் ஹாலுக்குப் புது பெட்டிகள் வந்து இறங்கின. சர்க்கரை சேர்க்காத அந்தப் பிஸ்கட்டை விற்பனைக்கு விடப்போகிறார்கள். இருபதாயிரம் பெட்டி, பச்சை நிறம், பளபளவென்று. நான்தான் முதல் கட்டைப் பிரித்தேன். முன்பக்கம் கொட்டை எழுத்தில், 'சர்க்கரை உள்ளவர்களும் பயமில்லாமல் சாப்பிடலாம்.' அதற்கு நேர் கீழே, 'ருசித்துப் பார்த்து அனுப்பியது.' அதற்குக் கீழே, சுழித்துச் சுழித்து, அக்காவின் கையெழுத்து.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு மேஜைக்குப் போயிருக்க வேண்டும். ஆனால் ஒரு பெட்டியை மடித்துப் பைக்குள் வைத்து, மாலையில் நேரே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்கத்தான் போனேன். வேறு நல்லெண்ணம் எதுவும் இல்லை.

அவள் பெட்டியை வாங்கி ஒரு தரம் படித்தாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தரம் படித்தாள்.

"என்னைக் கேக்காம போட்டிருக்கான்."

"அதான் எல்லாப் பெட்டியிலயும் போடறாங்களே."

"எல்லாப் பெட்டியிலயும் ருசிக்குத்தான் போடறேன். இது ருசியா?" பெட்டியை மேஜையில் அறைந்தாள். "இதைத் தின்னு எனக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாது?"

மாமா நடுங்கிக்கொண்டே சொன்னார்: "விட்டுடும்மா. ஆறு வாரம் பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு. சான்றிதழ் வாங்கிடுவே. யாருக்கு என்ன தெரியப்போகுது?"

மறுநாள் காலை பத்து மணிக்கு மேனேஜர் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். அவளை, விற்பனைக்கு விடும் தாளில் கையெழுத்துப் போட. என்னை, பெட்டி மாதிரியைக் காட்ட. வராந்தாவில் நடக்கும்போதே அவள் கையில் நோட்டைப் பார்த்துவிட்டேன். அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"அக்கா, பைத்தியமா உனக்கு? அதைக் காட்டினா யாரோடதுன்னு கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"மாமாவோடதுன்னு சொல்லிடு. சொல்லிட்டா உனக்கும் ஒண்ணும் ஆகாது."

ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவள் நாற்காலி போனால் எனக்கு என்ன? எட்டு மாதமாக அதற்குத்தானே காத்துக்கொண்டிருந்தேன்?

மேனேஜர் ஒரு சிரிப்பு வைத்திருப்பார், உதட்டுக்கு மேலே ஏறாது. தாளைத் தள்ளிவைத்து, பேனாவைத் திறந்தும் கொடுத்தார்.

"இந்த வரியை எடுத்துடுங்க சார். மத்ததுக்குப் போடறேன்" என்றாள் அக்கா.

"பெட்டி அச்சடிச்சாச்சும்மா."

"கேட்டுட்டு அச்சடிச்சிருக்கணும்."

"நீங்க ருசி பாக்கறவங்க. ஏழரை மார்க் நீங்கதானே போட்டீங்க? சர்க்கரை, ரத்தம் இதெல்லாம் உங்களுக்கு என்ன தெரியும்?"

அக்கா நோட்டை விரித்தாள். "இந்த பிஸ்கட் ஆறு, வெறும் டீ. சாப்பிடறதுக்கு முன்னால நூத்திப் பதினெட்டு. ரெண்டு மணி நேரம் கழிச்சு இருநூத்தி முப்பத்தொண்ணு. சர்க்கரை போட்ட நம்ம பழைய பிஸ்கட் ஆறு, இருநூத்தி முப்பத்தெட்டு. மூணு மூணு தரம் பார்த்திருக்கேன். வித்தியாசம் ஏழு. பயமில்லாம சாப்பிடலாமாம்! எவன் எழுதினான் இதை?"

மேனேஜர் நோட்டைத் தன் பக்கம் திருப்பினார். பக்கம் பக்கமாகப் புரட்டினார். அவர் படித்துக்கொண்டிருந்தது பிஸ்கட் கணக்கை அல்ல. மாதக்கணக்கான காலை எண்களை. அந்தச் சிரிப்பு திரும்ப வந்தது.

"இது யாரோட ரத்தம்?"

நான் வாயைத் திறந்தேன். "சார், அது எங்க மாமா..."

"என்னோடது" என்றாள் அக்கா. என் பக்கம் திரும்பி ஒரு முறை முறைத்தாள், கடித்த பிஸ்கட்டில் முடி இருந்ததுபோல. "அடுத்தவன் நாக்கை வச்சு நான் மார்க் போட்டதில்ல. அடுத்தவன் ரத்தத்தை வச்சும் போட மாட்டேன். எனக்குச் சர்க்கரை வந்து எட்டு மாசம் ஆச்சு. இப்ப ஆறரை. எழுதிக்குங்க."

மேனேஜர் முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! இருபத்திரண்டு வருஷமாக அவர் லைனை நிறுத்தியவள், தானே வந்து சிக்கிக்கொண்டாள். "விதின்னு ஒண்ணு இருக்கும்மா. எனக்கே மனசு கஷ்டமா இருக்கு" என்றார். அந்தக் கஷ்டத்தோடு மதியத்துக்குள் மாற்றல் தாளைத் தட்டச்சு செய்து கையெழுத்தும் போட்டுவிட்டார்.

அவளுடைய நாற்காலியில் பாதி மார்க் உட்கார்ந்தான். விற்பனைத் தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். இந்த ஃபேக்டரியில் முதுகெலும்பு என்று ஒன்று இல்லாத ஆள் அவன்தான் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவனே பேனாவைத் தொடவில்லையாம். நோட்டு விஷயம் அதற்குள் அடுப்பு ஹால்வரை பரவியிருந்தது. முதலாளி காதுக்கும் போனது. அவருக்கு யாருடைய ரத்தத்தைப் பற்றியும் கவலை இல்லை. யாராவது தின்றுவிட்டுக் கோர்ட்டுக்குப் போவார்களே என்ற பயம்தான். வரியை மறைக்கச் சொல்லிவிட்டார். இருபதாயிரம் பெட்டியிலும் வெள்ளை ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். வேலை வந்தது எங்கள் மேஜைக்கு.

திங்கட்கிழமை அக்கா பேக்கிங் ஹாலுக்குள் வந்தாள். தலையில் எங்களுடைய நீல வலைத் தொப்பி. பதினொரு பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் எத்தனையோ வருஷமாக மனத்துக்குள் ஒத்திகை பார்த்துவைத்த வசனங்கள் இருந்தன. "வாங்க மேடம், பெட்டி ஒட்டத் தெரியுமா?" என்பது அதில் ஒன்று. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவள் உட்காரவில்லை.

ஸ்டிக்கர் அகலமானது. அந்த வரியை மட்டும் மறைக்கவில்லை. கீழே இருந்த கையெழுத்தையும் சேர்த்து மறைத்தது. மேனேஜர் தெரிந்தேதான் அந்த அளவில் வரவழைத்திருப்பார். நான் முதல் பெட்டியை அவளிடம் தராமல் என் பக்கம் நகர்த்திக்கொண்டேன். அவள் கையை நீட்டி அதை எடுத்தாள். ஸ்டிக்கரின் பின்தாளை உரித்தாள். தன் கையெழுத்துக்குமேல் நேராக வைத்து, கட்டைவிரலால் ஓரம்வரை அழுத்தித் தேய்த்தாள். அடுத்த பெட்டியை எடுத்தாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்கத் தலையைக் குனிந்துகொண்டு வேகவேகமாக ஒட்டினேன்.

"கோணலா ஒட்டற" என்றாள். "இதுக்கா உனக்குப் பொறுப்பாளின்னு பேரு? எடு அதை."

எடுத்து மறுபடி ஒட்டினேன். முதல் மணி நேரத்தில் அவள் இருநூறு பெட்டி முடித்தாள், ஒன்றுகூடக் கோணவில்லை. என் மேஜையில் யாரும் அந்த வேகத்தில் ஒட்டியதில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

டீ இடைவேளையில் என் பாட்டிலைத் திறந்து குடித்தேன். வழக்கம்போல ஒரு கை உடைசல் பிஸ்கட்டும் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஹாலில் உடைசல் பை எப்போதும் திறந்தே இருக்கும். அக்கா சுவரோரம் முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"அது எத்தனாவது பாட்டில்?"

"மூணு. இங்க சூடுக்கா."

"ஜன்னல் திறந்திருக்கு. காத்து வருது. மத்தவங்க ஒரு பாட்டிலே முடிக்கல." பையிலிருந்து மெஷினை எடுத்து மேஜையில் வைத்தாள். "கையைப் பின்னால கட்டினே, எல்லார் முன்னாலயும் அறைவேன். நீட்டு."

நீட்டினேன். சுருக்கென்றது. மெஷின் ஐந்து எண்ணியது. அவள் பார்த்துவிட்டு என் பக்கம் திருப்பினாள். இருநூற்று அறுபத்திரண்டு.

"சிரி" என்றாள். "அன்னைக்கு போன்ல சிரிச்சியே, மாமா சொன்னாரு."

நான் சிரிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் என் விரலில் இருந்த ரத்தத்தைத் துடைத்து, பஞ்சை வைத்து அழுத்தி, என் கையைக் கொஞ்ச நேரம் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். என் மறு கையில் இருந்த உடைசலை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"நாளைக்கு என் டாக்டர்கிட்ட வர்றே. மருந்து சொன்னா போட்டுக்கணும், கீழ் வீட்டுக்காரி சாறெல்லாம் குடிச்சே, தெரியும் சேதி."

"உன் நோட்டைக் குடுக்கா. அதுல இருக்கற மாதிரியே சாப்பிட்டுடறேன்."

"போடி. அது என் வயித்துக் கணக்கு, உனக்கு எதுக்கு ஆகும்? உனக்கு எது ஏத்துதுன்னு நீதான் கண்டுபிடிக்கணும்." இடைவேளை மணி அடித்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த பெட்டியை எடுத்தாள். "சாயங்காலம் போகும்போது ஒரு நோட்டு வாங்கிக்க. கோடு போடாதது. கோடு நான் போட்டுத் தர்றேன், உனக்கு நேரா வராது."